மச்சிதாவின் வண்டுகளும் ஒரகடத்து ஏரிகளும்

நிசான் கார் விற்கும் வேலையில் இருந்த ஒருவருக்கு 1965 ஆகஸ்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்த அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடத்தைவிட வண்டுகளிடம்தான் மனம் ஒட்டியது. கூடப் படித்தவர்கள் அவனைப் ‘பூச்சி டாக்டர்’ என்று கூப்பிட்டார்கள். அவர் பெயர் சதோஷி தஜிரி. வளர்ந்த பின் அவர் செய்த விளையாட்டுதான் போக்கிமான். அந்த நிசான் நிறுவனம் ரெனோவோடு சேர்ந்து 2010 மார்ச்சில் எங்கள் ஊர்ப்பக்கமான ஒரகடத்தில் கார் ஆலை திறந்தது. தந்தை விற்ற காரின் பெயர் எங்கள் ஏரிக்கரைக்கு வந்து சேர்வதற்கு முன்பே, மகன் செய்த விளையாட்டு எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் டிவியிலும் சிப்ஸ் பாக்கெட்டிலும் குடியேறிவிட்டிருந்தது. இரண்டும் தற்செயல்தான். ஆனால் அந்த விளையாட்டு எந்த இழப்பிலிருந்து பிறந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு, தற்செயல் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

தஜிரி பிறந்த காலத்தில் மச்சிதா பாதி கிராமம். வயல், தோப்பு, குளம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. தோக்கியோ பெருத்துக்கொண்டே வந்தது. 1960களின் நடுவில் தொடங்கிய தமா புதுநகரத் திட்டம் மச்சிதாவின் ஒரு பகுதியையும் சேர்த்து வளைத்துக்கொண்டது. குன்றுகளை வெட்டிச் சமன்செய்து அடுக்குமாடிகள் கட்டினார்கள். 1971இல் முதல் குடும்பங்கள் குடிவந்தன. அந்தக் குன்றுகளிலிருந்து விரட்டப்பட்ட தனுக்கி விலங்குகளைப் பற்றித்தான் இசாவோ தகாஹதா 1994இல் ‘பொம் பொகோ’ படத்தை எடுத்தார். தஜிரி 1999இல் டைம் இதழுக்குப் பேட்டி கொடுத்தபோது, தான் மீன்பிடித்த குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் கூடம் வந்ததைச் சொன்னார். குளத்தை இழந்த பையன் அந்தக் கூடத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தான். 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ அவனைப் பிடித்துக்கொண்டது. குளத்தைத் தின்ற இடமே அவனுக்குத் தொழிலையும் கொடுத்தது.

அதே பேட்டியில் வண்டு பிடித்த விதத்தையும் விவரிக்கிறார். மற்றப் பையன்கள் மரப்பட்டையில் தேன் தடவிவிட்டுக் காத்திருப்பார்களாம். இவரோ மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டுவைப்பார். பகலில் வண்டு தூங்க இடம் தேடும், கல்லுக்கடியில் போய் ஒடுங்கும் என்று கண்டுபிடித்திருந்தார். காலையில் கல்லைப் புரட்டினால் வண்டு இருக்கும். இந்தச் சின்னச் செய்தி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஓர் உயிர் எங்கே இருக்கும், எப்போது வரும், எதற்காக வரும் என்று ஊகித்து, அந்த ஊகம் பலித்துவிடும்போது ஒரு குழந்தைக்கு வருகிற மகிழ்ச்சி இருக்கிறதே, போக்கிமானின் விதை அதுதான் என்பது என் துணிபு. மற்ற விளக்கங்களையும் பார்த்துவிட்டு இதற்குத் திரும்பி வருகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். மழையை நம்பி, ஏரிக்கு ஏரி கலங்கல் வழியாகத் தண்ணீர் இறங்கும் சங்கிலி அது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம், மாம்பாக்கம், ஒரகடம் என்று எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அதற்கொரு ஏரி உண்டு, கீழே செம்பரம்பாக்கம். இராமானுசர் பிறந்த ஊர் என்றும், 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும்தான் ஸ்ரீபெரும்புதூரை வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்தார்கள். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் நோக்கியா, அடுத்து சாம்சங், ஃபாக்ஸ்கான். ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, கொமாட்சு. வல்லம் வடகாலில் 2015இல் யமஹா. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு காலத்தில் மாட்டுவண்டி நின்று போகும். இன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வேலை வந்தது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. என் அண்ணன் குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் நிமிர்ந்தது. மேய்க்கால் புறம்போக்கும், ஏரி உள்வாயும், வரத்துக்கால்வாயும் சுருங்கியதும் அதே காலத்தில்தான்.

எங்கள் ஏரி உள்வாயில் கருவேல மரங்கள் வரிசையாக நிற்கும். மழை தொடங்கியதும் அவற்றில் பொன்வண்டு வரும். பச்சையும் பொன்னும் கலந்து மின்னும் முதுகு, செம்பழுப்புச் சிறகு. பிடித்துத் தீப்பெட்டிக்குள் விட்டுக் கருவேல இலையைக் கிள்ளிப் போடுவோம். மறுநாள் அரிசி போல முட்டை இருக்கும். யாரிடம் பெரிய வண்டு, யாருடையது முட்டை வைத்தது என்பதற்கு வகுப்பில் தனி மரியாதை. ஒரு பொன்வண்டுக்கு இரண்டு பலப்பம், ஓர் ஊசித்தட்டானுக்கு ஒரு கோலி என்று மாற்றிக்கொள்வோம். மணலில் புனல் மாதிரி குழி பறித்துப் பதுங்கும் குழியானையை ஒரு புல்லால் சீண்டி வெளியே வரவைப்போம். முதல் மழைக்கு மறுநாள் சிவப்பு வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டாற்போல் தம்பலப்பூச்சி ஊரும். சங்கப் பாடல்கள் ‘மூதாய்’ என்று சொல்வது அதைத்தான். வண்டுக்கு அது கொடுமை என்பது அப்போது தெரியவில்லை. ஆனால் எந்த மரத்தில் எது இருக்கும், எந்த மாதத்தில் வரும் என்பது பத்து வயதுப் பையன் எல்லாருக்கும் மனப்பாடம். இதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இனி விளையாட்டுக்கு வருவோம். ஜப்பானிய ரோல்-பிளேயிங் விளையாட்டு என்று ஒரு தனி மரபு உண்டு. அமெரிக்காவின் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ ஆகியவற்றைப் பார்த்து யூஜி ஹோரி 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ செய்தார். அடுத்த ஆண்டு ஹிரோனோபு சகாகுச்சியின் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வந்தது. இந்த மரபுக்கு எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றுதான். சிற்றூரிலிருந்து ஓர் இளைஞன் கிளம்புவான். வழியில் எதிர்ப்படும் பூதங்களோடு முறைவைத்துச் சண்டையிடுவான். ஒவ்வொரு வெற்றிக்கும் அனுபவப் புள்ளி சேரும், லெவல் ஏறும். கடைசியில் உலகை அழிக்கவரும் தீயவனை வீழ்த்துவான். கை வேகம் தேவையில்லை, பொறுமையும் கணக்கும் போதும். நிதானமாக உட்கார்ந்து கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வகை எளிதில் பிடித்துப்போகும். பரமபதமும் தாயமும் ஆடிய நம் கைகளுக்கும் அது அந்நியமில்லை. 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ இந்த மரபின் சிகரம் என்று பலர் சொல்வார்கள். பூமியின் உயிர்ச்சாரத்தை உறிஞ்சி மின்சாரமாக்கும் ஒரு நிறுவனமும், அதன் தட்டுக்கு அடியில் வெளிச்சமில்லாமல் வாழும் சேரிமக்களும் அதன் களம். தொழிற்பேட்டை ஓரத்தில் வாழ்கிறவனுக்கு அதுவும் பேசும். ஆனாலும் என் மனம் போக்கிமானிடம்தான் நிற்கிறது.

காரணம் இது. 1996 பிப்ரவரி 27இல் கேம்பாய் கருவிக்கு வெளிவந்த ‘போக்கிமான் சிவப்பு’, ‘போக்கிமான் பச்சை’ இரண்டும் அதே எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு அதன் உயிரை மாற்றிவிட்டன. உலகை அழிக்க வருகிறவன் யாரும் இல்லை. ஊர்ப் பேராசிரியர் ஒருவர் வயதாகிவிட்டது என்று சொல்லி, போக்கிடெக்ஸ் என்ற பதிவேட்டைப் பையன் கையில் கொடுக்கிறார். இந்த நிலப்பரப்பில் உள்ள 150 உயிர்களையும் தேடிப் பார்த்துப் பதிவுசெய் என்பதுதான் பணி. வழியில் எதிர்ப்படுவது கொல்லவேண்டிய பூதம் அல்ல; பெயர் தெரிந்துகொள்ளவேண்டிய உயிர். கதை நடக்கும் இடத்தின் பெயர் கான்தோ. தோக்கியோவைச் சுற்றியுள்ள உண்மையான நிலப்பகுதியின் பெயரே அது. தன் சொந்த மண்ணின் வரைபடத்தை எடுத்து, வண்டு இருந்த இடத்திலெல்லாம் மறுபடியும் வண்டை வைத்திருக்கிறார் தஜிரி. விளையாடும் பையன் முதலில் நுழையும் காட்டிலேயே வலையோடு பூச்சி பிடிக்கும் சிறுவர்கள் நிற்கிறார்கள். அங்கே கிடைப்பது கேட்டர்பி என்ற கம்பளிப்புழு. சில லெவலில் அது மெட்டபாட் என்ற கூட்டுப்புழு ஆகும். கூட்டுப்புழுவுக்கென்று உள்ள ஒரே வித்தை உடலை இறுக்கிக்கொள்வதுதான். அதையும் பொறுத்துக்கொண்டால் பட்டாம்பூச்சி. அனிமேஷன் தொடரின் நாயகனுக்கு ஜப்பானில் சதோஷி என்றே பெயர். நமக்கு ஆஷ் என்று வந்தான்.

அந்த விளையாட்டின் ஈர்ப்பை எப்படி விளக்குவது? எளிதாகச் சொல்லப்படும் பதில் வியாபாரம். ஒரே விளையாட்டை இரண்டு நிறத்தில் விற்றது, அட்டை, பொம்மை, தொடர், படம் என்று பெருக்கியது, அழகான மஞ்சள் பிகாச்சுவை முன்னே நிறுத்தியது, எல்லாம் உண்மை. ஆனால் செய்து முடிக்க ஆறு ஆண்டு ஆன விளையாட்டு இது. தஜிரியின் கேம் ஃப்ரீக் நிறுவனம் திவாலாகும் நிலைக்குப் போனது. ஊழியர் ஐவர் வெளியேறினார்கள். தஜிரி சம்பளம் எடுக்காமல் தந்தையின் வருமானத்தில் காலம் தள்ளினார். கேம்பாயே பழசாகிவிட்ட நேரத்தில் அது வெளிவந்தது. வியாபாரம் இந்த விளையாட்டின் மேல் பின்னால் வந்து ஏறிக்கொண்டது. அதன் பதிப்புகள் எல்லாம் சேர்ந்து உலகெங்கும் 3 கோடிக்கு மேல் விற்றதை விளம்பரம் மட்டும் செய்திருக்க முடியாது.

இரண்டாவது பதில் வளர்ச்சி. லெவல் ஏறும் இன்பம் எல்லா ரோல்-பிளேயிங் விளையாட்டுக்கும் பொது. இதில் நான் நம் ஊர்ப் பையன்களைப் பார்த்து உணர்ந்த ஒன்று உண்டு. மூன்று வருடம் ஒரே லைனில் ஒரே திருகை முடுக்கிவிட்டு, இன்னும் கான்ட்ராக்டாகவே இருக்கிற பையன், இரவு ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து தூக்கம் பிடிக்கும் வரை போனில் எதையாவது ஆடுகிறான். அதில் அவன் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கூடுகிறது; கூடிய எண் குறைவதில்லை; இத்தனை ஆனால் அடுத்த நிலை என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. உழைப்புக்கும் பலனுக்கும் இடையே அவ்வளவு நேர்மையான கணக்கை அவன் வேறு எங்கும் பார்த்ததில்லை. மேஜிகார்ப் என்று ஒரு மீன் போக்கிமான் உண்டு. துள்ளுவதைத் தவிர எதற்கும் ஆகாது. 20ஆம் லெவலில் அது கயாரடோஸ் என்ற பெரும் நாகமாக மாறும். அருவியேறிய கெண்டை டிராகன் ஆன பழைய கிழக்காசியக் கதையின் வடிவம் அது. அந்த மீனை எங்கள் பையன்கள் எவ்வளவு ஆசையாக வளர்ப்பார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது பதில் பரிமாற்றம். தஜிரியே அதிகம் அழுத்திச் சொன்னது இதைத்தான். டிராகன் குவெஸ்டின் இரண்டாம் பாகம் ஆடும்போது நண்பர் கென் சுகிமோரிக்கு ஓர் அரிய தொப்பி இரண்டு கிடைத்தது, இவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உன்னிடம் கூடுதலாக இருப்பதை எனக்குக் கொடுக்க வழி இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றியதாம். பின்னால் இரண்டு கேம்பாய்களை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அந்தக் கம்பியின் மேல் ஒரு பூச்சி ஊர்ந்து மறுபுறம் போவதாகக் கற்பனை செய்தார். அதுவரை அந்தக் கம்பி ஒருவரோடு ஒருவர் மோதத்தான் பயன்பட்டது. இவர் அதைக் கொடுக்கல்வாங்கலுக்குத் திருப்பினார். சிவப்பில் இருக்கும் சில பச்சையில் இரா. பச்சையில் இருக்கும் சில சிவப்பில் இரா. தனியாக ஆடுகிறவனின் பதிவேடு எந்நாளும் நிரம்பாது. கடாப்ரா போன்ற சில போக்கிமான்கள் இன்னொருவர் கைக்குப் போனால்தான் அடுத்த வடிவத்துக்கு மாறும். பலப்பத்துக்குப் பொன்வண்டு கொடுத்தவன் இதைப் படித்தால் புரிந்துகொள்வான். பட்டியலில் கடைசியாக உள்ள மியூவை, வேலை முடியும் தறுவாயில் மிச்சமிருந்த துளி இடத்தில் கேம் ஃப்ரீக்கின் ஷிகேகி மொரிமோதோ சொருகிவைத்தார். மியூ எங்கோ இருக்கிறது என்ற வதந்தி ஜப்பானியப் பள்ளிகளில் வாய்வழியாகவே பரவியது. எந்த ஊரிலும் சிறுவர்களிடையே இப்படி ஒரு வதந்தி இருக்கும். பாழுங்கிணற்றில் ஏழுதலை நாகம் இருப்பதாக எங்களுக்கும் ஒன்று இருந்தது.

இந்த மூன்று பதிலும் சரிதான். ஆனாலும் இவை மற்ற விளையாட்டுகளுக்கும் ஓரளவு பொருந்தும். போக்கிமானுக்கு மட்டுமே உரியது இடம் பற்றிய அறிவு. இது உயரமான புல்லில் இருக்கும், அது குகையில் இருக்கும், இன்னொன்று தூண்டில் போட்டால்தான் வரும். 1999இல் வந்த ‘தங்கம்’, ‘வெள்ளி’ பதிப்புகளில் கடிகாரமே சேர்ந்தது. உண்மையான இரவில் கருவியைத் திறந்தால்தான் ஆந்தை போன்ற ஹூட்ஹூட் வெளியே வரும். செவ்வாய், வியாழன், சனிக் கிழமைகளில் பூங்காவில் பூச்சி பிடிக்கும் போட்டி. நேரம் 20 நிமிடம். மரத்தை முட்டி உலுக்கினால் சில உயிர்கள் கீழே விழும். மரத்தடியில் கல் போட்டுவைத்த பையனின் அறிவு இதில் விதிகளாக எழுதப்பட்டிருக்கிறது. குழந்தை மனப்பாடம் செய்வது பெயர்களை மட்டுமல்ல. அவற்றின் வீடுகளையும் நேரங்களையும் சேர்த்துத்தான். இதைத்தான் இந்த விளையாட்டின் நடுநரம்பு என்கிறேன்.

ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஜப்பானியச் சிறுவர்களுக்குக் காண்டாமிருக வண்டு ராஜா மாதிரி. கோடை விடுமுறையில் பிடிப்பார்கள், கடைகளில் விலைக்கு வாங்குவார்கள், வளர்ப்பார்கள். ஹெராகிராஸ் என்ற நீலநிறப் போக்கிமான் அந்த வண்டின் உருவம்தான். நமக்கும் காண்டாமிருக வண்டு உண்டு. இனம் வேறு, அது தென்னங்குருத்தைத் துளைக்கும். கொக்கிக் கம்பியால் குத்தி வெளியே இழுத்துக் கொன்றுவிட்டு, துளையில் மருந்தும் மணலும் போட்டு அடைப்பார் எங்கள் தாத்தா. கொம்பு வைத்த வண்டு என்றால் தோட்டக்காரருக்கு எரிச்சல்தான் வரும். ஆகவே போக்கிமானின் ஒவ்வொரு உயிரும் நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பொருந்துவது அந்தப் பார்வை.

இந்தியாவுக்குப் போக்கிமான் தலைகீழாக வந்தது. ஜப்பானில் விளையாட்டு முதலில், தொடர் பிறகு. இங்கே 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடர் வந்தது. பின்னாளில் ஹங்காமாவில் பிகாச்சுவின் கூட்டாளிகள் தமிழ் பேசினார்கள். சிப்ஸ் பாக்கெட்டில் வந்த வட்ட டாசோக்களைச் சட்டைப்பையில் கலகலக்க வைத்துக்கொண்டு பையன்கள் அலைந்தார்கள். கேம்பாயை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேமில் மரியோவும் கான்ட்ராவும் ஆடிய தலைமுறை எங்களுடையது. நான் முதன்முதலில் போக்கிமான் ஆடியது ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பிரவுசிங் சென்டரில், விசைப்பலகையின் அம்புக்குறிகளால். அது உரிமமில்லாத நகல். அன்று எங்களுக்கு வேறு வழி திறந்திருக்கவில்லை. மணிக்கு இருபது ரூபாய். காட்டுக்குள் நுழைந்து கேட்டர்பியைப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று கருவேல மரத்தடி நினைவுக்கு வந்தது. தஜிரியைப் பற்றி எதுவும் தெரியாத நாள் அது. இதே காலத்தில்தான் எங்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் செய்யப்பட்ட நோக்கியா போன்களிலும் பாம்பு விளையாட்டு இருந்தது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. இப்போது சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஐபோன் அசெம்பிள் ஆகிறது. ஜப்பானிய விளையாட்டுகள் ஆடக்கூடிய கருவியை இந்த மண்ணின் பெண்கள் கையால் பூட்டி அனுப்புகிறார்கள். அவர்களுக்கென்று வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து பிடிக்கும் ‘போக்கிமான் கோ’ 2016 ஜூலையில் வெளிநாடுகளில் வெளிவந்தது. டிசம்பர் 14இல் ஜியோவோடு சேர்ந்து இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வந்தது. அதற்கு முன்பே, வழிபாட்டிடங்களில் விளையாட்டு முட்டை காட்டுவது மனத்தைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போடப்பட்டிருந்தது. விளையாட்டில் பொருள் எடுக்கும் நிறுத்தங்கள் கோவில், சிலை, நினைவிடம் என்று ஏற்கெனவே யாரோ குறித்துவைத்த இடங்களில்தான் வரும். நகரத்தில் அடிக்கு ஒன்று; கிராமத்தில் மைலுக்கு ஒன்று இருந்தால் அதிசயம். எங்கள் ஊருக்குள் அதைத் திறந்தால் திரை முழுதும் வெறும் பச்சை. ஏரி இருந்த இடத்திலும் பச்சை, இல்லாமல் போன இடத்திலும் பச்சை. மச்சிதா பையன் தன் நிலத்தைத் தானே வரைந்தான்; இதில் நம் நிலத்தை வேறு யாரோ வரைந்து நமக்குத் தருகிறார்கள். நிறைய நடக்கவைத்த நல்ல விளையாட்டு அது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் பிரவுசிங் சென்டர் திரையில் நான்கு சாம்பல் நிறங்களில் இருந்த பழைய காடு எனக்கு இதைவிட நிஜமாக இருந்தது.

எதிர்க்குரல்களையும் கேட்க வேண்டும். உயிர்களைப் பிடித்து உருண்டையில் அடைத்துச் சண்டைக்கு விடுவது சேவற்கட்டு போலத்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயம். 2010இல் வந்த ‘கறுப்பு’, ‘வெள்ளை’ பதிப்புகளில் ‘என்’ (N) என்ற பெயருள்ள இளைஞன் இதே கேள்வியைக் கதைக்குள்ளேயே எழுப்புகிறான்: மனிதரிடமிருந்து போக்கிமான்களை விடுவிக்க வேண்டும் என்கிறான். விளையாட்டு அவனுக்கு முழு விடை சொல்லவில்லை. அவன் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாமல் மதித்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதைவிடக் கனமான குரல் ஒன்று இருக்கிறது. 2002இல் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் உடனிருந்தவர்களும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் 4 முதல் 11 வயதுப் பள்ளிக் குழந்தைகளிடம் இரண்டு வகைப் படங்களைக் காட்டினார்கள்: உள்ளூர்த் தாவரம், விலங்கு ஒரு வகை; போக்கிமான் ஒரு வகை. நாலு வயதில் போக்கிமானைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. எட்டு வயதில் போக்கிமான்களில் 78 விழுக்காட்டைச் சரியாகச் சொன்னார்கள். தங்கள் ஊர் உயிர்களில் 53 விழுக்காட்டை மட்டுமே. இதைக் காட்டி, விளையாட்டு குழந்தைகளைக் கெடுத்துவிட்டது என்று பேசுவார்கள். ஆய்வாளர்கள் சொன்னது வேறு. குழந்தைகளுக்கு உயிர்களைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் பேரளவில் இருக்கிறது. அதற்குத் தீனி போடுவதில் இயற்கை பாதுகாப்பவர்களைவிடப் போக்கிமான் செய்தவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பதே அவர்கள் முடிவு. எனக்கும் அதுவே சரியென்று தோன்றுகிறது. ஒரகடத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பொன்வண்டு தெரியாமல் போனதற்குப் பிகாச்சு காரணமில்லை. கருவேல மரம் கிட்டத்தட்ட இல்லை, காரணம் அதுதான். ஆனால் ஆற்றல் குழந்தையிடம் அப்படியே காத்திருக்கிறது.

கற்றுக்கொடுக்க இந்த மண்ணில் என்ன குறை? விளையாட்டில் ஒரு மலைக்குகையில் இரண்டு புதைபடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தீவிலுள்ள ஆய்வுக்கூடத்தில் அதற்கு உயிர் கொடுப்பார்கள். புவியியலில் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரிலேயே ஒரு பாறையடுக்கு இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுக்கும் முந்தைய செடிகளின் இலைப்பதிவுகள் அதில் கிடைக்கின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதினார். இப்போது அதன் மேல்தான் லாரிகள் ஓடுகின்றன. 2022இல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்துக்காக எடுக்கத் திட்டமிட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் ஏரிகளும் அடக்கம். அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் அதை எதிர்த்துப் போராடிவந்திருக்கிறார்கள். அந்த ஏரிகளின் உயிர்ப்பட்டியல் ஒன்று அந்த ஊர்க் குழந்தைகள் கையில் இருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். நம் வாழ்க்கை விளையாட்டாகுமா என்று தயங்க வேண்டியதில்லை. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் சமையலறையை வைத்து டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் செய்த ‘வெண்பா’, அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. இட்லி அவிப்பதே அதில் ஒரு புதிர். நெல்லும் ஏரியும் தெரிந்த ஒருவர் இதற்கு மேலும் செய்யலாம்.

அண்ணன் மகளுக்குப் பத்து வயது. போக்கிமானில் கிட்டத்தட்ட எல்லாப் பெயரும் சொல்வாள். பட்டியல் இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக் கொடுத்து, ஆயாவிடம் கேட்டு நம் ஊர்ப் பூச்சிகளை எழுது என்றேன். ஆயா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டாள். பிள்ளைப்பூச்சி, கும்பிடுபூச்சி, சில்வண்டு, ஈசல், மின்மினி, குழியானை. பெயரோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்திக் கேட்டாள்: “ஆயா, இது பகல்ல வருமா, ராத்திரி வருமா?” “எந்த மரத்துல இருக்கும்?” “தண்ணிகிட்டயா, மண்ணுக்குள்ளயா?” இந்தக் கேள்விகளை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை, பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆயா அசந்துபோய், “இன்னா கண்ணு, இம்மாம் கேக்கற?” என்றாள்.

அன்று இரவுக்குள் 31 பெயர் சேர்ந்தது. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன உருண்டை வரைந்தாள். விளையாட்டின் பதிவேட்டில் பிடித்த போக்கிமானுக்கு வரும் அதே உருண்டை. பிடிக்கவில்லை, பார்த்தால் போதும் என்று அவளே விதியை மாற்றிக்கொண்டாள். பத்தொன்பது உருண்டை ஆனது. பொன்வண்டுக்கான உருண்டை, மதகுக்கு அருகே மிச்சமிருக்கும் நாலு கருவேல மரத்தில் கிடைத்தது. 17ஆம் எண் தம்பலப்பூச்சி. “முத மழைக்கு அடுத்த நாளு, செம்மண்ணுல” என்று ஆயா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். செம்மண் மேட்டில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள். “சித்தப்பா, அடுத்த மழை எப்போ?” என்று வாரம் ஒரு முறை கேட்கிறாள்.